வீட்டுக்கென்று ஓர் உலக எண்

1981இல் கலிஃபோர்னியாவின் அமெச்சூர் வானொலிக்காரர் ஹாங்க் மக்னஸ்கி இணைய முகவரிகள் வேண்டும் என்று கேட்டார். கொடுத்தார்கள். ஒன்றிரண்டு அல்ல, 1,67,77,216 முகவரிகள். 44 என்ற எண்ணில் தொடங்கும் அத்தனையும்.

மக்னஸ்கி அவற்றைத் தனக்காகக் கேட்கவில்லை. வானொலி அலைகள் வழியே கணினிகளைப் பேசவைக்கும் பாக்கெட் ரேடியோ சோதனைகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. உலகெங்கும் உள்ள ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள், ஒருநாள் தங்கள் வீட்டுக் கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பார்கள், அன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் தனி எண் தேவைப்படும் என்று அவர் நம்பினார். அந்த எண்களில் பெரும்பகுதி இன்றும் ஹாம்களிடமே இருக்கிறது. 2019இல் அதில் கால்பங்கு, சுமார் 42 லட்சம் முகவரிகள், அமேசானுக்குப் பத்துக் கோடி டாலருக்கும் மேல் விற்கப்பட்டது. அந்தப் பணத்திலிருந்து வானொலி, வலைத்தொடர்பு ஆய்வுகளுக்கு நல்கை வழங்குகிறார்கள். மீதமுள்ள எண்களில் சிலவற்றைத் தன் வீட்டுக்குக் கேட்டு, உரிமம் பெற்ற ஹாம் எவரும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது.

தனிமனிதர் ஒருவர் தன் வீட்டுக் கணினிகளுக்கு, உலகில் வேறு எவரிடமும் இல்லாத எண்களைப் பெற முடியுமா என்ற கேள்விக்கு ஹாம்களின் கதை ஒரு பதில். அது ஒன்றே பதில் அல்ல. இன்று வழிகள் பல உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்குள் உண்மையில் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எண் தனித்ததா? உலகின் எந்த மூலையிலிருந்தும் அந்த எண்ணை எட்ட முடியுமா? அது நாளைக்கும் அதே வீட்டில் இருக்குமா? மூன்றும் ஒன்றே என்று நினைப்பதால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு குழப்பம்.

இணைய முகவரிக்கு 32 பிட் போதும் என்று 1970களின் பிற்பகுதியில் முடிவானது. 32 பிட்டில் சுமார் 430 கோடி எண்கள் அமையும். அது ஒரு சோதனைதான், சோதனைக்கு இது தாராளம் என்று எண்ணியதாக, இணையத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். எந்த எண் யாருக்கு என்ற பட்டியலை தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் இருந்த ஜான் போஸ்டல் பராமரித்துவந்தார். 1980களின் பிற்பாதியிலும் 1990களின் தொடக்கத்திலும் ஒரு படிவத்தை நிரப்பி மின்னஞ்சலில் அனுப்பினால் போதும், ‘சி’ வகுப்பு வலையமைப்பு ஒன்று, அதாவது 256 முகவரிகள், இலவசமாகக் கிடைக்கும். பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் மட்டுமல்ல, வீட்டில் இரண்டு கணினி வைத்திருந்த பொறியாளர்களும் வாங்கினார்கள். 192இல் தொடங்கும் பகுதியில் இப்படிச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை வலையமைப்புப் பொறியாளர்கள் ‘சதுப்பு நிலம்’ என்றே அழைப்பது வழக்கம். சிலர் அன்று வாங்கிய எண்ணை இன்றும் வைத்திருக்கிறார்கள்.

அன்றைய அறிவுரை இன்று வியப்பாக இருக்கும்: இணையத்தோடு சேரும் எண்ணமே இல்லாத வலையமைப்பும் தனித்த எண்ணை வாங்கிக்கொள்ளட்டும். இன்று சேராதது நாளை சேரலாம். சேரும் நாளில் இரண்டு கணினிகளுக்கு ஒரே எண் இருந்தால், எல்லாவற்றையும் கலைத்து மறுபடி அடுக்க வேண்டிவரும்.

இந்தக் கொள்கை 1994இல் உடைந்தது. முகவரிகள் வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தன. அந்த ஆண்டு மார்ச்சில் வெளிவந்த ஆர்எஃப்சி 1597 என்ற ஆவணம் சில எண்களைப் பொதுவில் விட்டுவிடலாம் என்றது. யார் வேண்டுமானாலும் தங்கள் வளாகத்துக்குள் பயன்படுத்தலாம், யாரிடமும் கேட்க வேண்டாம், ஆனால் அந்த எண்களோடு வெளி உலகுக்குப் போகக் கூடாது. அவற்றில் பெரியது 10இல் தொடங்கும் தொகுதி. அது இணையத்தின் தாயான ஆர்ப்பாநெட்டின் பழைய எண். 1990இல் ஆர்ப்பாநெட் மூடப்பட்டதால் காலியாக இருந்தது.

நான்கே மாதத்தில் எதிர்ப்பு ஆவணம் வந்தது. ஆர்எஃப்சி 1627 எழுதிய நால்வரும் 10ஆம் வலையமைப்பை இப்படிப் பொதுவாக்குவது தீங்கு என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். முகவரியின் உயிரே அதன் தனித்தன்மைதான், அதைக் கைவிட்டால் இரு நிறுவனங்கள் இணையும்போதும், இரண்டு வலையமைப்புகள் நேரடியாகப் பேச விரும்பும்போதும் எண்கள் மோதும் என்று வாதிட்டார்கள். அந்த வாதம் சரியானது என்பதை அடுத்த முப்பது ஆண்டுகள் நிரூபித்தன. ஆனாலும் அன்று அது தோற்றது. 1996 பிப்ரவரியில் இரு தரப்பும் சேர்ந்து எழுதிய ஆர்எஃப்சி 1918 வெளியானது. எதிர்ப்பு ஆவணத்தில் கையெழுத்திட்ட எலியட் லியர் இதிலும் ஓர் ஆசிரியர். அப்படிப் பொதுவில் விடப்பட்ட, 192.168 என்று தொடங்கும் எண்கள் உலகின் வீடுகளில் எல்லாம் குடியேறியது இப்படித்தான்.

உள்ளே எல்லோரும் பயன்படுத்தும் எண், வெளியே ஒரே ஒரு உண்மையான எண், இடையில் ரவுட்டர் எண்களை மாற்றி மாற்றி எழுதும். ‘நேட்’ எனப்படும் இந்த உத்தியை 1994 மே மாதம் விளக்கிய ஆவணம் அதைக் குறுகிய காலத் தீர்வு என்றே குறிப்பிட்டது. இன்று கோடிக்கணக்கான வீடுகள் அதன் மேல் நிற்கின்றன. வெளியே போவது எளிது, உள்ளே வருவது கடினம் என்ற சமச்சீரற்ற இணையத்தை நாம் இயல்பு என்று ஏற்றுக்கொண்டதும் இதனால்தான். மகள் தன் வீட்டு வலையமைப்பையும் ஊரில் உள்ள பெற்றோர் வீட்டு வலையமைப்பையும் விபிஎன் வழியாக இணைக்கப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரு வீட்டிலும் ரவுட்டரின் எண் 192.168.1.1. அவளுடைய கணினி 192.168.1.20ஐத் தேடும்போது அது தன் வீட்டுப் பிரிண்டரா, அப்பா வீட்டுக் கேமராவா? கணினிக்குத் தெரிய வழியே இல்லை. 1994இன் எச்சரிக்கை அப்படியே வீட்டுக்குள் வந்து நிற்கிறது.

பிறகு அந்த ஒற்றை வெளி எண்ணும் பறிபோனது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பின் கடைசி ஐந்து பெரும் தொகுதிகளும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஆசிய பசிபிக் பகுதியின் பதிவகமான ஏப்னிக் அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதியைத் தொட்டு, ரேஷனுக்கு மாறியது. அந்த ஆண்டு, ஏற்கெனவே திவாலாகியிருந்த நார்டெல் நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒரு முகவரி 11 டாலர் 25 சென்ட். பத்து ஆண்டுகளில் விலை ஐம்பது டாலரையும் தாண்டிப் பிறகு இறங்கியது. விலைக்கு வாங்க முடியாத சேவை நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டன. இதற்கென்றே 2012இல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை ஒதுக்கப்பட்டது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி இணைப்பு என்ற இடத்தில் அந்த வரம்புக்குள் ஓர் எண் தெரிந்தால், அந்த வீட்டுக்குச் சொந்தமாக ஒரு வெளி முகவரிகூட இல்லை என்று பொருள். தெருவில் யாரோ தவறு செய்து ஓர் இணையதளம் அந்த முகவரியைத் தடை செய்தால், அதைப் பகிரும் அத்தனை வீடுகளும் தடைபடும்.

இதற்கான விடை 1995 டிசம்பரிலேயே எழுதப்பட்டுவிட்டது: 128 பிட் முகவரி, ஐபிவி6. இதில் வீட்டுக்குத் தருவது ஒற்றை முகவரி அல்ல, முன்னொட்டு. முகவரியின் முதல் 48 அல்லது 56 பிட்களைச் சேவை நிறுவனம் நிர்ணயித்துக் கொடுக்கும். மிச்சம் வீட்டுக்காரர் விருப்பம். கடைசி 64 பிட் ஒரு கிளை வலையமைப்புக்குள் இருக்கும் கருவிகளுக்கு. ஆகவே 56 பிட் முன்னொட்டு கிடைத்தால் 256 கிளைகள், 48 என்றால் 65,536 கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் 1,84,467 கோடி கோடி முகவரிகள்.

இவ்வளவு வாரி இறைத்தால் பழைய கதை திரும்பாதா என்ற கவலை நியாயமானது. கணக்குப் போட்டால் தீர்ந்துவிடும். மொத்த முகவரி வெளியில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே இப்போது பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கிறது. அதில் மட்டும் 48 பிட் முன்னொட்டுகள் சுமார் 35 லட்சம் கோடி. உலகில் ஒவ்வொரு தலைக்கும் நாலாயிரத்துக்கு மேல் வரும். 2001இல் வெளியான பரிந்துரை வீடுகளுக்கும் /48, அதாவது 48 பிட் முன்னொட்டு, கொடுக்கச் சொன்னது. 2011இல் அதைத் தளர்த்தினார்கள். ஐரோப்பிய வலையமைப்புப் பொறியாளர் சமூகம் 2017இல் தொகுத்த ரைப்-690 என்ற வழிகாட்டி, வீட்டுக்குக் குறைந்தது /56 கொடுங்கள், அதையும் மாற்றாமல் கொடுங்கள் என்கிறது. ஒற்றை /64 மட்டும் கொடுத்து நிறுத்தும் நிறுவனங்கள் உண்டு. விருந்தினர் வைஃபை ஒரு கிளை, கேமராக்கள் ஒரு கிளை என்று வீட்டைப் பிரிக்க நினைப்பவருக்கு அது கையைக் கட்டிப் போடுவதுதான். தாராளம் காசு கேட்காத இடத்தில் கஞ்சத்தனம் காட்ட எந்தக் காரணமும் இல்லை.

இந்தியாவின் நிலை இங்கே சுவையானது. ஐபிவி4 எனப்படும் பழைய 32 பிட் முகவரிகளைப் பெரிதாகச் சேர்த்து வைத்திராத நாடு இது. 2016 செப்டம்பரில் ஜியோ தன் 4ஜி வலையமைப்பை ஐபிவி6ஐ மையமாக வைத்தே திறந்தது. இன்று இந்தியப் பயனர்களில் பெரும்பாலோர் தங்களுக்குத் தெரியாமலே ஐபிவி6இல் உலவுகிறார்கள். 4ஜி கைபேசி ஒவ்வொன்றும் ஒரு முழு /64 வாங்கிக்கொள்வது அந்த வலையமைப்புகளில் வழக்கம். அதாவது சட்டைப்பையில் இருக்கும் கருவியிடம், பழைய இணையம் முழுவதையும்விடப் பல கோடி மடங்கு பெரிய முகவரி வெளி இருக்கிறது.

வீட்டு பிராட்பேண்டில் முன்னொட்டை ரவுட்டரே கேட்டு வாங்கும். டிஎச்சிபிவி6 என்ற நெறிமுறையில் முன்னொட்டு ஒப்படைப்பு என்று ஒரு வசதி உண்டு. ரவுட்டர் அமைப்புகளில் அதை இயக்கிவிட்டால், சேவை நிறுவனம் தரும் முன்னொட்டு வீட்டுக்குள் தானாகப் பரவும். இந்த எண்கள் தனித்தவை, எட்டக்கூடியவை. மூன்றாவது கேள்வியில்தான் சறுக்கல். மின்சாரம் போய் வந்தால் முன்னொட்டு மாறிவிடும் இணைப்புகள் ஏராளம். ஜெர்மனியில் பல டிஎஸ்எல் இணைப்புகள் நெடுங்காலம் நாளுக்கொரு முறை துண்டிக்கப்பட்டு, புது எண் பெற்றன. எண் மாறினால் பின்தொடர்வது கடினம், அதனால் அந்தரங்கம் காக்கப்படுகிறது என்ற வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் வீட்டில் சின்ன சர்வர் வைத்திருப்பவருக்கு, தினமும் மாறும் எண்ணோடு மல்லுக்கட்டுவது வேதனை. மாறுவதா நிலைப்பதா என்பதை வீட்டுக்காரரே தேர்ந்தெடுக்க விடுவதுதான் முறை.

நிலையான எண் வேண்டும், ஆனால் உலகம் அதை எட்ட வேண்டியதில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. யாரிடமும் கேட்க வேண்டாம், யாருக்கும் பணம் தர வேண்டாம். 2005 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 4193, எஃப், டி என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் முகவரிகளைத் தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கியது. 192.168 போலத்தானே என்று தோன்றும். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முதல் 8 பிட்டுக்குப் பிறகு வரும் 40 பிட்களை வீட்டுக்காரர் தற்போக்காக உருவாக்க வேண்டும். அந்த ஆவணமே செய்முறையும் தருகிறது: இந்தக் கணத்தின் நேரத்தையும் கணினியின் வன்பொருள் அடையாள எண்ணையும் சேர்த்து, ஷா-1 என்ற கணிதச் சார்பில் அரைத்து, கடைசி 40 பிட்டை எடுத்துக்கொள்.

40 பிட்டில் 1,09,951 கோடி சாத்தியங்கள். பதிவகம் இல்லை, எழுத்தர் இல்லை, பட்டியல் இல்லை. அப்படியிருந்தும் எண் தனித்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? பிறந்தநாள் கணக்கு இங்கே உதவும். ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல். அதே கணக்கின்படி, சுமார் 12 லட்சம் வீடுகள் இப்படி எண் உருவாக்கினால் எங்கோ இரண்டு வீடுகள் மோத சரிபாதி வாய்ப்பு உண்டு. உலகில் இருப்பதோ கோடிக்கணக்கான வீடுகள். ஆக, முழு உலகையும் ஒன்றாகப் பார்த்தால் தனித்தன்மை தோற்றுவிடும்.

ஆனால் கேள்வி அது அல்ல. சேலத்தில் ஒரு வீடும் சிலியில் ஒரு வீடும் ஒரே எண்ணை வைத்திருந்தால் யாருக்கு நட்டம்? அந்த இரண்டையும் யாரும் விபிஎன்னில் பிணைக்கப் போவதில்லை. பொருட்படுத்த வேண்டியது, நேரடியாக இணையும் வலையமைப்புகளுக்குள் மோதல் வருமா என்பதே. உறவினர், நண்பர் என்று பத்து வீடுகளை இணைத்தால் மோதும் வாய்ப்பு இரண்டாயிரம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. ஆயிரம் வலையமைப்புகளை இணைத்தாலும் இருபது லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. அந்த மகளும் பெற்றோரும் தத்தம் வீட்டில் ஒருமுறை இந்த எண்ணை உருவாக்கிவிட்டால், அதற்குப் பின் சேவை நிறுவனம் மாறினாலும், இணையமே துண்டிக்கப்பட்டாலும், பிரிண்டரின் எண்ணும் கேமராவின் எண்ணும் மாறாது, மோதாது. இவ்வளவு மலிவாக, இவ்வளவு உறுதியான தனித்தன்மையைத் தரும் ஏற்பாடு இணைய வரலாற்றில் வேறு இல்லை.

ஒரே நிபந்தனை, எண் உண்மையிலேயே தற்போக்காக இருக்க வேண்டும். நினைவில் வைக்க எளிது என்று 40 பிட்டையும் பூச்சியமாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் 192.168.1.1இன் சிக்கலை 128 பிட்டில் மறுபடி கட்டியதாகும்.

சேவை நிறுவனம் ஐபிவி6 தரவே இல்லை என்றால்? சுரங்க இணைப்பு உண்டு. ஐபிவி6 பொட்டலத்தைப் பழைய ஐபிவி4 பொட்டலத்துக்குள் வைத்து அனுப்பி, மறுமுனையில் பிரித்தெடுப்பது இந்த உத்தி. 2001இல் வந்த ‘6டு4’ முறையில், ஒரே ஒரு பொது ஐபிவி4 முகவரி வைத்திருந்த எவருக்கும் 2002 என்ற எண்ணுக்குப் பின்னால் அந்த முகவரியை ஒட்டி ஒரு முழு /48 தானாகவே அமைந்தது. அழகான யோசனை. ஆனால் நடுவில் யாரோ நடத்தும் இடைநிலை ரவுட்டர்களை நம்பியிருந்ததால் அடிக்கடி முறிந்தது, 2015இல் அந்த இடைநிலை ஏற்பாடு கைவிடப்பட்டது. தன்னார்வத்தில் இயங்கிய சிக்ஸ்எக்ஸ்எஸ் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கானோருக்கு இலவசமாக முன்னொட்டு கொடுத்து, 2017 ஜூன் 6 அன்று நிறுத்திக்கொண்டது. சுரங்க இணைப்பு கிடைக்கும்வரை சேவை நிறுவனங்கள் தாமாக அசையமாட்டா என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அமெரிக்காவின் ஹரிக்கேன் எலக்ட்ரிக் நிறுவனம் இந்தச் சேவையைத் தொடர்கிறது. பதிவு செய்தால் ஒரு /64 கிடைக்கும், கேட்டால் /48உம் தருவார்கள். வீட்டில் பொது ஐபிவி4 முகவரி ஒன்று இருக்க வேண்டும். 100.64 வரம்பில் சிக்கியிருக்கும் வீட்டுக்கு இது வேலை செய்யாது. அந்த வீட்டுக்காரர்கள் எங்காவது ஒரு வாடகை சர்வர் எடுத்து, அதிலிருந்து வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக முன்னொட்டை வீட்டுக்கு இழுத்து வரலாம். 2016 முதல் நெட்ஃபிளிக்ஸ் ஹரிக்கேன் எலக்ட்ரிக்கின் சுரங்க முகவரிகளைத் தடுத்ததையும் நினைவில் வைக்க வேண்டும்.

கடைசி வழி, எந்த நிறுவனத்தையும் சாராத சொந்த எண். ஐரோப்பியப் பதிவகமான ரைப் 2009 முதல், சேவை நிறுவனம் சாராத ஐபிவி6 முன்னொட்டுகளைத் தருகிறது. பதிவகத்தின் உறுப்பினர் ஒருவர் பரிந்துரையாளராக நின்றால், தனிநபரும் ஒரு /48 வாங்கலாம். அதற்குப் பதிவகம் அந்த உறுப்பினரிடம் நெடுங்காலம் வசூலித்தது ஆண்டுக்கு 50 யூரோ. பெயரில் எண் வந்துவிடும். அதை எட்டச் செய்வது தனி வேலை. எல்லைத் தொடர்பு நெறிமுறையான பிஜிபி வழியாக, இந்த /48 இங்கே இருக்கிறது என்று உலக ரவுட்டர்களுக்கெல்லாம் அறிவிக்க வேண்டும். வீட்டு இணைப்பில் அதற்கு இடம் தரும் நிறுவனங்கள் அரிது. ஆகவே ஆர்வலர்கள் பிஜிபி அனுமதிக்கும் வாடகை சர்வரில் அறிவிப்பைச் செய்து, அங்கிருந்து வீட்டுக்குச் சுரங்கம் போட்டுக்கொள்கிறார்கள். தங்களுக்கென்று தன்னாட்சி அமைப்பு எண்ணும் வாங்கி, ஒரு குட்டிச் சேவை நிறுவனம் போலவே இயங்குகிறார்கள். கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த பள்ளி இல்லை.

எல்லா வீடுகளும் இதைச் செய்யலாமா? கூடாது. காரணம் 2014 ஆகஸ்ட் 12 அன்று வெளிச்சமானது. உலக வழித்தட அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் இணையத்தின் ஒவ்வொரு பெரிய ரவுட்டரும் தன் விலையுயர்ந்த சிறப்பு நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். பழைய ரவுட்டர்கள் பலவற்றில் அதற்கு 5 லட்சத்து 12 ஆயிரம் வரிகள்தான் இடம். அன்று ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து சுமார் 15,000 வரிகள் தவறுதலாகக் கூடுதலாக வெளியேறின. அட்டவணை வரம்பைத் தாண்டியது, உலகின் பல இடங்களில் இணையம் தடுமாறியது. இன்று ஐபிவி4 அட்டவணை பத்து லட்சம் வரிகளை ஒட்டியும், ஐபிவி6 அட்டவணை இரண்டு லட்சத்துக்கு மேலும் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 25 கோடிக் குடும்பங்கள். வீட்டுக்கு ஒரு வரி என்று சேர்த்தால் தாங்கும் ரவுட்டர் இல்லை. சேவை நிறுவனத்திடம் முன்னொட்டு வாங்கும்போது இந்தச் சுமை எழுவதில்லை. பல லட்சம் வீடுகள் அந்த நிறுவனத்தின் ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன. வாடிக்கையாளர் நிறுவனம் மாறும்போது எண்ணை விட்டுச் செல்ல வேண்டியிருப்பது இதற்குக் கொடுக்கும் விலை.

உலக எண் வந்தால் வீடு உலகுக்குத் திறந்து கிடக்குமோ என்று பலரும் அஞ்சுகிறார்கள். நேட் காவல் காப்பது போலத் தெரிந்தாலும் காவல் உண்மையில் ஃபயர்வாலின் வேலை. கேட்காமல் வரும் இணைப்புகளை வீட்டு ரவுட்டர் தடுத்தே தொடங்கலாம் என்று 2011இன் ஆர்எஃப்சி 6092 விளக்குகிறது. துழாவிக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. பழைய இணையம் முழுவதையும் ஒரு நல்ல கணினி ஒரு மணி நேரத்துக்குள் துழாவிவிடும். ஒரே ஒரு /64ஐ நொடிக்குப் பத்து லட்சம் முகவரி வீதம் துழாவினால் 5 லட்சத்து 84 ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கும்.

இந்த வழிகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஐபிவி6இல் ஒரே கருவி ஒரே சமயத்தில் பல முகவரிகளை ஏந்தும். வீட்டு மடிக்கணினி, பிரிண்டரோடு பேச தற்போக்கு எண்ணில் அமைந்த உள் முகவரியையும், இணையத்தில் உலவ நாளுக்கொன்றாக மாறும் தற்காலிக முகவரியையும் பயன்படுத்தலாம். பக்கத்து அலமாரியில் இருக்கும் புகைப்பட சர்வர், சேவை நிறுவனம் தந்த முன்னொட்டில் மாறாத ஒரு முகவரியை வைத்துக்கொள்ளலாம். ஃபயர்வாலில் அந்த ஒரு முகவரிக்கு, அந்த ஒரு சேவைக்கு மட்டும் அனுமதி எழுதிவிட்டால், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை இடையில் யாருடைய மேகக் கணக்கும் இல்லாமல் நேராக வீட்டு சர்வரிலிருந்தே படங்களைத் திறந்து பார்க்கலாம்.